கையடக்க ஜிபிஎஸ்ஸில் மேப், மெமரி கார்டு, பேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் போட்டுவைத்திருக்கிறேன். நான் அதிகம் புழங்கியது கார்மின் கருவிகள், அதனால் கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் அவற்றையொட்டியே இருக்கும். கார்டு, ஃபார்மட், காப்பி பற்றியவை எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

என் மேப் கார்டில் இருக்கிறதா, கருவிக்குள்ளேயே இருக்கிறதா?

கருவியை அணைத்துவிட்டுக் கார்டை வெளியே எடுத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். சின்னத் தெருக்கள், ஓடைகள், உயரக்கோடுகள் எல்லாம் காணாமல் போய், நெடுஞ்சாலைகளும் பெரிய ஊர்ப் பெயர்களும் மட்டும் மிஞ்சினால் விவரமான மேப் கார்டில்தான் இருந்திருக்கிறது; இப்போது தெரிவது கருவியோடு வந்த அடிப்படை மேப். எதுவுமே மாறவில்லை என்றால் மேப் உள்நினைவகத்தில் இருக்கிறது. கார்டு எங்கே என்று தேடுபவர்களுக்கு: நிறைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் அதற்கு அடியில் மைக்ரோ எஸ்டி கார்டுக்கான இடம் இருக்கும். ஈட்ரெக்ஸ் 10 போன்ற சிலவற்றில் கார்டுக்கு இடமே கிடையாது, வீணாகத் தேடாதீர்கள்.

கார்டை அப்படியே கணினியில் காப்பி செய்து வைத்தால் பேக்கப் முடிந்ததா?

பாதி முடிந்தது, அதுவும் முக்கியமில்லாத பாதி. கார்டில் இருப்பது மேப். மேப் தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், நேரம்தான் செலவு. நீங்களே நடந்து பதிந்த டிராக் (நடந்த வழியின் பதிவு), தண்ணீர் கிடைத்த இடம், திருப்பத்தில் வைத்த புள்ளி, இவை உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இவற்றைப் பெரும்பாலான கருவிகள் கார்டில் எழுதுவதே இல்லை. உள்நினைவகத்தில் எழுதுகின்றன. அதனால் கார்டை மட்டும் பத்திரப்படுத்தியவருக்குக் கருவி தண்ணீரில் விழுந்த அன்று மேப் முழுசாக இருக்கும், பத்து வருஷத்துப் பதிவுகள் ஒன்றும் இருக்காது.

கருவியைக் கேபிளில் மாட்டினால் ஈட்ரெக்ஸ் 20, 30, ஆரிகன், ஜிபிஎஸ்மேப் 62, 64 போன்றவை கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும் (உள்ளே கார்டு இருந்தால் இரண்டு டிரைவ்). உள்நினைவக டிரைவில் 'கார்மின்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ஜிபிஎக்ஸ்' என்ற ஃபோல்டர் (டிராக்கையும் குறித்த இடங்களையும் சேமிக்கும் கோப்பு வடிவத்தின் பெயர் அது). வேபாயிண்ட்டுகள், அதாவது நீங்கள் குறித்துவைத்த இடங்கள், தேதிவாரியாக அங்கே கோப்புகளாக இருக்கும். அதற்குள்ளேயே 'கரண்ட்' என்ற ஃபோல்டரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கும், 'ஆர்க்கைவ்' ஃபோல்டரில் பழைய டிராக்குகளும் கிடக்கும். இந்த ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை முழுசாக எடுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் சில மெகாபைட்தான் வரும், ஒரு மின்னஞ்சலில் அடங்கிவிடும். கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூன்று ஜிபி மேப்பைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு அந்த மூன்று எம்பியைக் காப்பாற்றுங்கள்.

என் கருவி இன்னும் பழையது, அந்த மாதிரி ஃபோல்டரே தெரியவில்லையே?

ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் காலத்துக் கருவிகளில் வேபாயிண்ட்டுகள் கோப்பாக வெளியே தெரியாது. பேஸ்கேம்ப் அல்லது மேப்சோர்ஸ் மாதிரி ஒரு மென்பொருள் வைத்துக் கேபிள் வழியாகத்தான் இழுக்க வேண்டும், இழுத்தபின் ஜிபிஎக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டும் வைத்திருந்தால் நாளைக்கு அதைத் திறக்கவே ஆள் தேட வேண்டியிருக்கும். ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தாலே அட்சரேகை தீர்க்கரேகை கண்ணுக்குத் தெரியும். 2004-இல் வந்த 1.1 பதிப்பைத்தான் இன்றைக்கும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், அதைவிட நம்பகமான பெட்டி எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தலைமுறைக் கருவிகளில் இன்னொரு கண்ணி உண்டு. டிராக்கைக் கருவியிலேயே 'சேவ்' செய்தால் நேர விவரங்களை உதறிவிட்டு, புள்ளிகளையும் 500-க்குள் சுருக்கிவிடும். பத்து மணி நேர நடை ஏதோ குழந்தை வரைந்த கோடு மாதிரி ஆகிவிடும். அதனால் டிராக் பதிவைக் கார்டில் எழுதும்படி அமைப்பில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். நாளுக்கொரு கோப்பாக, சுருக்காமல், நேரத்தோடு கார்டில் சேரும். 'பதிவுகள் கார்டில் இருக்காது' என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு.

எத்தனை ஜிபி கார்டு வாங்கலாம்? 64, 128 போட்டால் எடுக்குமா?

கருவியின் கையேட்டில் என்ன உச்சவரம்பு போட்டிருக்கிறதோ அதுதான் முதல் பதில். அது கையில் இல்லை என்றால் 8 முதல் 32 ஜிபிக்குள் நிற்பது நல்லது. காரணம் இதுதான். 2 ஜிபி வரை உள்ளவை எஸ்டி, அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கும் மேல் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வருகின்றன. பழைய ஜிபிஎஸ் கருவிகளுக்கு ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். கார்டைப் போட்டதும் 'கார்டு இல்லை' என்று சொன்னால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாமல் ஃபார்மட்டைப் பாருங்கள்.

64 ஜிபி கார்டை ஃபேட்32 ஆக மாற்றினால் பல கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபார்மட் போனால் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வே வராது, ரூஃபஸ் போன்ற தனி மென்பொருள் வேண்டும். எஸ்டி கார்டு சங்கம் தரும் ஃபார்மட்டரும் இதற்கு உதவாது, அது பெரிய கார்டுகளை எக்ஸ்ஃபேட் ஆகத்தான் ஆக்கும். இவ்வளவு சிரமம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரு பெரிய நாட்டின் முழு மேப்பே இரண்டு மூன்று ஜிபியில் முடிந்துவிடுகிறது. அதோடு கார்டில் மேப் கூடக்கூட ஆன் ஆவதற்குப் பிடிக்கும் நேரமும் கூடும்.

ரொம்பப் பழைய கருவிகளுக்கு எதிர்ப் பிரச்சினை: 2006-க்கு முந்தைய வடிவமைப்புகள் எஸ்டிஎச்சி வருவதற்கு முன்னால் உருவானவை, அவற்றில் சிலவற்றுக்கு 2 ஜிபிக்கு மேல் தெரியவே தெரியாது. அப்படி ஒன்று வைத்திருந்தால் கிடைக்கும்போது இரண்டு மூன்று 2 ஜிபி கார்டு வாங்கிப் போடுங்கள்.

32 ஜிபி கார்டில் 5 ஜிபி மேப் ஏறவில்லை, இடம் இருக்கிறதே?

இடம் இருக்கும். ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, கணக்காகச் சொன்னால் 4,29,49,67,295 பைட்தான் உச்சம். கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சுவர் அப்படியேதான் நிற்கும். மேப்பை இரண்டு மூன்று கோப்பாகப் பிரித்துப் போடுவதுதான் வழி. ஏற்றும்போது வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று என்று பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனிக் கோப்பாக்குங்கள்.

கோப்பின் பெயரை மாற்றலாமா? 'ஜிமேப்சப்' என்றே இருக்க வேண்டுமா?

பழைய கார்மின் கருவிகள் 'கார்மின்' ஃபோல்டரில் 'ஜிமேப்சப்' என்ற பெயரில், ஐஎம்ஜி என்ற பின்னொட்டோடு இருக்கும் ஒரே கோப்பைத்தான் தேடும். வேறு பெயர் வைத்தால் கண்டுகொள்ளாது. அவற்றில் பல மேப் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஜிமேப்டூல் அந்த வேலையைச் செய்யும். புதிய கருவிகளில் பெயர் என்னவாக இருந்தாலும் ஐஎம்ஜி என்று முடிந்தால் போதும், ஐந்தாறு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கருவியின் மேப் அமைப்பில் வேண்டியதை ஆன் செய்து வேண்டாததை ஆஃப் செய்துகொள்ளலாம்.

இங்கேதான் நான் ஒரு முறை கோட்டை விட்டேன். மேப் ஏற்றும் பழைய மென்பொருள்களுக்கு ஒரு வழக்கம்: புதிதாக ஒரு மேப்பை அனுப்பினால் ஏற்கெனவே இருக்கும் ஜிமேப்சப் கோப்பின் மேலேயே எழுதிவிடும், சேர்க்காது. நான் பக்கத்து மலைத்தொடரின் மேப்பைச் 'சேர்க்கிறேன்' என்று நினைத்து அனுப்பிவிட்டு, பயணத்தின் முதல் நாள் காலையில்தான் கவனித்தேன், புது மேப் இருக்கிறது, போக வேண்டிய இடத்தின் மேப் இல்லை. அதிலிருந்து புதிதாக எதையும் அனுப்பும் முன் கார்டில் இருக்கும் கோப்பைக் கணினிக்கு இழுத்து, பெயரை மாற்றி வைத்துவிட்டுத்தான் மறு வேலை.

இன்னொன்று, இரண்டு மேப்புகளுக்கு உள்ளே ஒரே அடையாள எண் இருந்தால் கருவி குழம்பும். ஒன்று தெரியாமல் போகும், இல்லையென்றால் பாதி வெள்ளையாக வரும். ஒரே மேப்பின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே கார்டில் சேர்த்து வைத்தால் இப்படித்தான் ஆகும். பழையதைக் கணினியில் வையுங்கள்.

வேகமான கார்டு வாங்கினால் மேப் வேகமாக நகருமா?

நகராது. திரையில் கோடு வரைவதில்தான் கருவியின் செயலி மூச்சு வாங்குகிறது, கார்டு சும்மாதான் இருக்கிறது. கிளாஸ் 4 என்ற வேகப் பிரிவு போதும். வேகத்துக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு கார்டு வாங்கி மேப் நிரப்பிப் பையில் போடுங்கள்.

போலிக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிரப்பிப் பார்த்துத்தான். போலிக் கார்டு கணினியிடம் '32 ஜிபி' என்று பொய் சொல்லும், உள்ளே 4 தான் இருக்கும். அதைத் தாண்டி எழுதியது எல்லாம் எங்கேயும் போகாது, அல்லது முதலில் எழுதியதன் மேலேயே விழும். கொடுமை என்னவென்றால் காப்பி செய்யும்போது ஒரு பிழைச் செய்தியும் வராது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு மணி நேரம் ஓடலாம், ஓடட்டும். கார்டு வாங்கியவுடன், ஒன்றும் ஏற்றும் முன், முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்; ஏற்றிய பிறகு செய்ய மனசு வராது.

கேபிளில் காப்பி செய்வதா, கார்டைக் கழற்றி ரீடரில் போடுவதா?

பெரிய மேப் என்றால் ரீடர்தான். பல பழைய கருவிகளின் யூஎஸ்பி இணைப்பு நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தது, நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட் தேறினால் அதிர்ஷ்டம். 3 ஜிபி கோப்புக்கு ஐம்பது நிமிடம் ஆச்சு, நடுவில் கேபிள் ஆடினால் முதலிலிருந்து. அதே கோப்பு ரீடரில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஜிபிஎக்ஸ் கோப்புகளுக்குக் கேபிள் போதும், அவை உள்நினைவகத்தில் இருப்பதால் வேறு வழியும் இல்லை.

கழற்றும்போது கருவியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம், நின்றுகொண்டு கழற்றாதீர்கள். 15 க்கு 11 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன், கறுப்பு நிறம்; புல்லில் விழுந்தால் போனதுதான். தொப்பியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் வேலை பார்ப்பது என் வழக்கம், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

காசு கொடுத்து வாங்கிய மேப்பை இன்னொரு கார்டில் காப்பி செய்தால் ஓடுமா?

கோப்பு காப்பி ஆகும், மேப் ஓடாது. கடையில் கார்டோடு வாங்கிய மேப் அந்தக் கார்டின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அந்த அடையாளம் கார்டின் சில்லுக்குள் இருக்கிறது, கோப்பில் இல்லை, அதனால் கார்டை பைட் பைட்டாக முழு இமேஜ் எடுத்து வேறு கார்டில் இறக்கினாலும் அது வராது. இணையத்தில் வாங்கி இறக்கிய மேப் என்றால் பெரும்பாலும் கருவியின் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும்.

அப்படியானால் பேக்கப் எதற்கு என்றால், அதே கார்டில் கோப்பு தவறிப்போய் அழிந்தாலோ கெட்டுப்போனாலோ திரும்ப அதே கார்டில் போடுவதற்கு. அதற்கு மறைந்த கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். மேப்போடு சேர்ந்து யுஎன்எல், ஜிஎம்ஏ என்று முடியும் சின்னக் கோப்புகள் இருந்தால் அவைதான் சாவி, அவற்றை விட்டுவிடாதீர்கள். வாங்கிய ரசீதும் பேக்கப்பில் சேர்த்திதான். கார்டே செத்துவிட்டால் விற்றவரிடம் பேச ரசீது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த மேப் பயன்படுத்துங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக மேப் அது, 2004-இல் தொடங்கிய திட்டம், தரவு திறந்த உரிமத்தில் இருக்கிறது, அதிலிருந்து செய்த இலவச மேப்புகளில் பூட்டு கிடையாது, பத்துக் கார்டில் போட்டாலும் ஓடும். எம்கேஜிமேப் என்ற நிரல் வைத்து நீங்களே வேண்டிய பகுதியை வேண்டிய நிறத்தில் கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டினால் கட்டிய மேப்போடு உங்கள் ஸ்டைல் கோப்பையும், ஓட்டிய கட்டளை வரியையும் சேர்த்து வையுங்கள். மூலத் தரவு எப்போதும் கிடைக்கும், மூன்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த ஸ்டைல் கிடைக்காது.

நானே ஸ்கேன் செய்து போட்ட மேப்புகள் எங்கே இருக்கும்?

'கார்மின்' ஃபோல்டருக்குள் 'கஸ்டம்மேப்ஸ்' என்ற ஃபோல்டரில், கேஎம்இசட் கோப்புகளாக. செயற்கைக்கோள் படங்கள் வாங்கியிருந்தால் 'பேர்ட்ஸ்ஐ' ஃபோல்டரில் ஜேஎன்எக்ஸ் கோப்புகளாக. கேஎம்இசட்டோடு மூலப் படத்தையும் பெரிய அளவிலேயே வைத்திருங்கள், கருவிக்காகச் சுருக்கியதிலிருந்து பழைய தெளிவைத் திரும்பப் பெற முடியாது.

பேக்கப்பைக் கணினியில் எப்படி அடுக்குவது?

என் முறை எளிமையானது. கருவிக்கொரு ஃபோல்டர், அதற்குள் தேதிக்கொரு ஃபோல்டர், தேதி 2024-03-17 என்கிற மாதிரி வருடம் முதலில் வரும்படி, அப்போதுதான் பெயர்வரிசையே காலவரிசையாக இருக்கும். அதற்குள் 'மேப்', 'ஜிபிஎக்ஸ்', 'அமைப்பு' என்று மூன்று. மேப் ஃபோல்டரில் ஒரு எழுத்துக் கோப்பு போட்டு எங்கிருந்து இறக்கியது, எந்த மாதத்துத் தரவு, எந்தக் கருவியில் ஓடியது என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். ஜிமேப்சப் என்ற ஒரே பெயரில் ஏழு கோப்புகளை வைத்துக்கொண்டு எது எது என்று முழித்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு வரியின் அருமை தெரியும்.

'அமைப்பு' என்றது கருவியின் 'புரொஃபைல்ஸ்' ஃபோல்டர். திரை ஏற்பாடு, எண்கள் காட்டும் பெட்டிகள், நீங்கள் ஒவ்வொன்றாக மாற்றி வைத்தது எல்லாம் அதில்தான்.

மேப்பில் இப்போதைய பதிப்பும் அதற்கு முந்தையதும் போதும், அதற்கு மேல் பழையதை அழித்துவிடலாம். முந்தையது ஏன் என்றால், புதிய பதிப்பில் சில நேரம் வழிகாட்டல் சொதப்பும், நேற்றுவரை இருந்த ஒற்றையடிப் பாதை காணாமல் போயிருக்கும். ஜிபிஎக்ஸை மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள். அது கணினியிலும், வெளி ஹார்ட் டிஸ்கிலும், வீட்டுக்கு வெளியே ஒரு இடத்திலும் இருக்கட்டும். மேகச் சேமிப்போ, நண்பர் வீட்டுப் பென் டிரைவோ, எதுவானாலும் சரி.

காப்பி சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

கோப்பின் அளவு ஒன்றாக இருப்பது போதாது. இரண்டு பக்கமும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து ஒப்பிடுங்கள், விண்டோஸில் செவன்-ஜிப் போட்டிருந்தால் வலது கிளிக்கிலேயே எஸ்எச்ஏ-256 என்ற வகை செக்சம் வரும். ஒரு நுணுக்கம்: கார்டில் எழுதியவுடனே அங்கேயே செக்சம் எடுத்தால் கணினி தன் நினைவில் வைத்திருப்பதைப் படித்துச் சரி என்று சொல்லிவிடும். கார்டை எஜெக்ட் செய்து, வெளியே எடுத்து, மறுபடி செருகிவிட்டு எடுங்கள்.

அதைவிட நல்ல சோதனை, உதிரிக் கார்டில் பேக்கப்பை இறக்கிக் கருவியில் போட்டு ஆன் செய்வது. மேப் வருகிறதா, உங்களுக்குத் தெரிந்த ஒரு தெருவுக்கு வழி கேட்டால் காட்டுகிறதா, பெரிதாக்கிச் சின்னதாக்கினால் தொங்காமல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த உதிரிக் கார்டைத் திரும்ப அழிக்காதீர்கள், அதுவே உங்கள் இரண்டாவது கார்டு.

மேக்கில் காப்பி செய்தால் ஏதோ தேவையில்லாத கோப்பெல்லாம் வருகிறதே?

ஆமாம். மேக், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட மறைந்த கோப்புகளை ஒவ்வொன்றுக்கும் துணையாக எழுதிவைக்கும். ஜிமேப்சப்புக்குத் துணையாக எழுதிய அந்தப் பொடிக் கோப்பும் ஐஎம்ஜி என்றே முடிவதால் சில கருவிகள் அதையும் மேப் என்று நினைத்துத் தடுமாறும். இன்னொன்று, மேக்கில் கார்டிலிருந்து அழித்தது உண்மையில் அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு மறைந்த குப்பைத்தொட்டியில் கிடக்கும். இடம் காலியாகவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள், கார்டு செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். புதிய கருவிகள் சில டிரைவாகத் தெரியாமல், எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் மட்டும் இணைகின்றன, அதை மேக் தானாகப் படிக்காது, தனி மென்பொருள் போட வேண்டும்.

கார்டைப் போட்டதிலிருந்து கருவி லோகோவிலேயே நிற்கிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், கார்டு இல்லாமல் ஆன் செய்யுங்கள். ஆன் ஆகிவிட்டால் கார்டில் இருக்கும் மேப் கோப்புதான் குற்றவாளி, பாதியில் நின்ற காப்பியாக இருக்கும். கார்டை ரீடரில் போட்டு அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். உள்நினைவகத்தில் கெட்ட மேப்பைப் போட்டிருந்தால் இவ்வளவு சுலபமில்லை. பொத்தான்களைப் பிடித்தபடி கேபிளில் மாட்டுகிற வித்தை மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நான் சோதித்துப் பார்க்காத எந்த மேப்பையும் கார்டில்தான் போடுவேன், உள்நினைவகத்தில் போடவே மாட்டேன்.

தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டேன், மீட்க முடியுமா?

உடனே நிறுத்தினால் முடியும். அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாதீர்கள், கருவியிலும் திரும்பப் போடாதீர்கள், கருவி தானாக ஏதாவது எழுதிவிடும். மைக்ரோ எஸ்டியில் எழுதாமல் பூட்டும் பொத்தான் கிடையாது, அதைச் செருகும் எஸ்டி அடாப்டரில் பக்கவாட்டில் சின்ன லாக் இருக்கும், அதைத் தள்ளிவிட்டுக் கணினியில் போடுங்கள். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். மீட்டவற்றைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. பெரிய மேப் கோப்பு துண்டு துண்டாகக் கிடந்தால் முழுசாக வராது, அதை விட்டுவிடுங்கள். ஜிபிஎக்ஸ் மாதிரிச் சின்னக் கோப்புகள் பெயர் மாறினாலும் உள்ளடக்கத்தோடு வர வாய்ப்பு நிறைய.

மேப் ஏற்றிய கார்டை அலமாரியில் வைத்தால் எத்தனை வருஷம் இருக்கும்?

ஃப்ளாஷ் நினைவகத்தில் தரவு என்பது அடைத்துவைத்த மின்னூட்டம். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் மெதுவாகக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். அதனால் கார்டு என்பது மேப்பை எடுத்துப் போகிற பாத்திரம், சேமித்துவைக்கும் பெட்டி அல்ல. வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து, செக்சம் பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுபடி எழுதுங்கள். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் போட்டுவைக்காதீர்கள்.

மேப்பைப் படிப்பதால் கார்டு தேயும் என்று பயப்பட வேண்டாம். தேய்வது எழுதும்போதுதான், ஜிபிஎஸ் எழுதுவது சொற்பம். நான் பார்த்தவரை கார்டுகள் போவது தங்கநிற முனைகளில் அழுக்கு, கருவியில் கார்டைப் பிடிக்கும் தகடு தளர்வது, ஈரம், இந்த மூன்றால்தான். அடிக்கடி 'கார்டு இல்லை' என்றால் முனைகளை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள்.

நீண்ட பயணத்தில், கணினி இல்லாமல், பேக்கப் எடுக்க வழி உண்டா?

ஃபோனில் செருகும் சின்னக் கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிராக்கைக் கார்டில் எழுதும்படி வைத்திருந்தால் ராத்திரி கார்டைக் கழற்றி ஃபோனுக்குக் காப்பி செய்யலாம், சிக்னல் கிடைக்கும் ஊர் வந்ததும் ஃபோன் அதை மேலே ஏற்றிவிடும். டிரைவாகத் தெரியும் கருவி என்றால் ஓடிஜி அடாப்டரும் (ஃபோனில் யூஎஸ்பி கருவிகளை மாட்ட உதவுவது) கேபிளும் வைத்து நேராக ஆண்ட்ராய்டு ஃபோனில் மாட்டியே ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை எடுத்துவிடலாம். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு முறை செய்து பாருங்கள், எல்லா ஃபோனும் எல்லாக் கருவிக்கும் ஒத்துவராது. மேப் நிரப்பிய இரண்டாவது கார்டு கருவியோடு ஒரே பையில் இருக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் டிராக்குகளில் தேதி கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் வருகிறதே?

கார்டு கெடவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தைப் பத்து பிட்டில் எண்ணி அனுப்புகின்றன, 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது, அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவிகள் 1999 ஆகஸ்டுக்குப் போய்விட்டன. இடம் காட்டுவதில் தவறு வராது, தேதி மட்டும்தான் கிட்டத்தட்ட 19 வருஷம் 7 மாதம் பின்னால் நிற்கும். கருவிக்கு மென்பொருள் மேம்பாடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தேதியோடும் 7168 நாட்களைக் கூட்ட வேண்டும். இதற்காகத்தான் பேக்கப் ஃபோல்டருக்குத் தேதியை நானே கையால் எழுதுகிறேன். கோப்பின் தேதியை நம்பி அடுக்கினால் போன மாதத்து நடை இருபது வருஷத்துக்கு முந்தைய வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த சுழற்சி 2038 நவம்பரில்.

ஃபோனையே ஜிபிஎஸ்ஸாகப் பயன்படுத்துகிறேன். ஆஃப்லைன் மேப்புகளைக் கார்டில் வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு பள்ளங்களைத் தாண்டி. ஒன்று, ஆண்ட்ராய்டு 6-லிருந்து கார்டை 'உள்நினைவகமாக' மாற்றும் வசதி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் கார்டு அந்த ஃபோனோடு குறியாக்கம் ஆகிவிடும், வேறு ஃபோனிலும் கணினியிலும் படிக்க முடியாது, ஃபோன் உடைந்தால் கார்டும் போச்சு. எப்போதும் 'கையடக்கச் சேமிப்பு' என்பதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு, ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் மேப்பைக் கார்டில் தங்களுக்கான தனி ஃபோல்டரில் வைக்கும்போது, செயலியை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும், உங்கள் டிராக்குகள் உட்பட. செயலி ஏதோ தகராறு செய்கிறது, நீக்கிவிட்டு மறுபடி போடலாம் என்று கை போகும் முன் ஜிபிஎக்ஸை வெளியே எடுங்கள்.

புதுக் கருவி வாங்கிவிட்டேன். பழையதில் இருப்பதை எல்லாம் அப்படியே கொட்டலாமா?

எல்லாவற்றையும் அல்ல. ஜிபிஎக்ஸ் கோப்புகள், கேஎம்இசட் கோப்புகள், பூட்டில்லாத ஐஎம்ஜி மேப்புகள், இவற்றைப் போடலாம். 'கார்மின்டிவைஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பைப் பழையதிலிருந்து புதியதற்குக் காப்பி செய்யவே செய்யாதீர்கள். அதில் கருவியின் எண்ணும் மாடலும் இருக்கிறது, மாறிப்போனால் கணினியில் உள்ள மென்பொருள் புதுக் கருவியைப் பழையது என்றே நினைக்கும். புரொஃபைல் கோப்புகளும் வேறு மாடலுக்குப் பொருந்தாது, திரை ஏற்பாட்டைக் கையால் மறுபடி செய்துகொள்ளுங்கள். கார்டோடு வாங்கிய மேப் என்றால் கார்டையே கழற்றிப் புதியதில் போட்டால் போதும், அது கார்டோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது.

பழைய கருவியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் வேபாயிண்ட்டுகளையும் ஆர்க்கைவ் ஃபோல்டரையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் நூறு டிராக்குகள் அதற்குள் இருக்கும்.